நகையும் இல்லமும்: தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள் பற்றிய ஓர் அறநோக்கு

"குடும்பத்துடன் இருந்து பார்க்கத்தக்கது" என்னும் தொடர் தமிழர் இல்லங்களில் ஒரு தீர்ப்புரையாக வழங்கிவருகின்றது. திரைப்படம் ஒன்றைப் பற்றியோ தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றைப் பற்றியோ பேச்சு எழுமிடத்து, அது சிறந்ததா என்ற வினாவுக்கு முன்னரே இவ்வினா எழுகின்றது. விடை 'ஆம்' எனின் பெட்டி திறக்கப்படுகின்றது. 'இல்லை' எனின் மூடப்படுகின்றது. இத்துணை எளிதில் வழங்கப்படும் இத்தீர்ப்பு எந்த அளவுகோலை அடிப்படையாகக் கொண்டது? அவ்வளவுகோல் செம்மையானதா?

நகைச்சுவையைப் பொறுத்தவரையில் இவ்வினாக்கள் தனிக் கவனத்துக்கு உரியன. அழுகைக் காட்சியைத் தனித்திருந்து பார்ப்பவரும் அழுவர். நகைப்போ கூட்டத்தில் வளர்வது. ஓர் அறையில் அறுவர் கூடியிருக்கையில் இருவர் சிரிப்பின் ஏனையோரும் சிரிக்கத் தூண்டப்படுகின்றனர். சிரிக்க மாட்டாதவர் தனித்து விடப்படுகின்றார். அவ்வாறு தனித்து விடப்படுபவர் யார் என்பதே குடும்ப நகைச்சுவை பற்றிய அறவினாவின் உள்ளீடு எனலாம்.

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் வீடொன்றைக் கருதுவோம். அது நெடுந்தீவில் இருக்கலாம். நயினாதீவிலோ ஊர்காவற்றுறையிலோ இருக்கலாம். விறாந்தையை அடுத்த அறையில் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று உண்டு. சாய்மனைக் கதிரையில் பாட்டனார், கதவோரத்தில் பாட்டியார், பாயிலே பேரப்பிள்ளைகள், அடுக்களைக்கும் அறைக்கும் இடையே வந்துபோகும் மருமகள், போரிலே காலொன்றை இழந்த சிறிய தந்தையார். கைத்தொலைபேசி வந்தபின் பிள்ளைகள் தனித்துப் பார்க்கும் வழக்கம் பெருகியுள்ளதெனினும், மாலை மங்கியபின் மூன்று தலைமுறையினரும் ஒருங்கிருக்கும் இடம் இன்னும் பல வீடுகளில் இவ்வறையேயாகும். இவர்கள் அனைவரும் ஒரே காட்சியைப் பார்க்கின்றனர். ஆயின் அனைவரும் ஒன்றையே காண்கின்றனரா?

கூடிப் பார்த்தல் இம்மக்களுக்குப் புதியதன்று. கோயில் வீதிகளிலும் தேவாலய முன்றில்களிலும் விடியவிடிய ஆடப்பெற்ற கூத்தையும் இசைநாடகத்தையும் ஊர் முழுவதும் பாய்விரித்திருந்து பார்த்தது. கோமாளியும் பபூனும் அவற்றிலே பேசியவை யாவும் இன்றைய அளவுகோலாற் 'குடும்பத்துக்கு ஏற்றவை' எனக் கொள்ளத்தக்கனவல்ல. எனினும் அவை ஆண்டுக்கொரு முறை, பொது வெளியில், ஊரார் அனைவரும் அறிந்த ஒருவரின் வாயினின்றும் வந்தன. எல்லை கடந்தவரை மறுநாட் சந்தையிலே கண்டு கேட்கலாம்.

1979ஆம் ஆண்டில் இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிற்று. 1982ஆம் ஆண்டில் ரூபவாஹினி தன் சேவையை ஆரம்பித்தது. வடபகுதி மக்களோ உயர்ந்த கம்பங்களில் அன்ரனாக்களைக் கட்டிப் பாக்குநீரிணைக்கு அப்பாலிருந்து வந்த தூரதர்சன் காட்சிகளையும் பார்த்தனர். பெட்டி வாங்கும் வசதியற்றோர் பெட்டியையும் 'டெக்'கையும் வாடகைக்கு எடுத்து, மின்பிறப்பாக்கியின் துணையோடு முற்றத்தில் வைத்து இரவு முழுவதும் படம் பார்த்ததும் அக்காலத்தேதான். 1990ஆம் ஆண்டின் பின்னர் இடப்பெயர்வும் மின்சாரமின்மையும் அவ்வெளிச்சத்தையும் அணைத்தன. போர் முடிந்து மக்கள் மீண்டபோது செய்ம்மதி அலைவரிசைகள் வீட்டினுள்ளே வந்துவிட்டன. கோயில் வீதியில் ஆண்டுக்கொரு முறை நின்ற கோமாளி இப்போது நாடோறும் வீட்டுக்குள் வருகின்றான். அவனை மறித்துக் கேட்பார் எவருமிலர். மாறியிருப்பது இதுவே.

தொலைக்காட்சியின் நகைச்சுவைத் தொடருக்கெனச் சில இயல்புகள் உள. அதே வீடு, அதே மாந்தர், வாரந்தோறும் புதிய சிக்கல், முடிவில் பழைய நிலைக்கு மீளல் என்பதே அதன் கட்டமைப்பு. ஐக்கிய அமெரிக்காவில் 1951ஆம் ஆண்டில் ஆரம்பமான 'ஐ லவ் லூசி'யும், 1984ஆம் ஆண்டில் தூரதர்சனில் வந்த 'யே ஜோ ஹை ஜிந்தகி' என்னும் இந்தித் தொடரும், தமிழிலே 'ரமணி வெர்சஸ் ரமணி', 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' போன்றனவும் பெரும்பாலும் இவ்வச்சிலே வார்க்கப்பட்டவை. கணவன் மனைவி பிணக்கும் மாமியார் மருமகள் பூசலும் இவற்றின் வற்றாத ஊற்றுக்கள். இக்கட்டமைப்பில் அறவியலார் கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. துன்பியல் நாடகத்திலே மாந்தர் மாறுகின்றனர், அறிவு பெறுகின்றனர். நகைச்சுவைத் தொடரிலோ மாந்தர் மாறுதல் கூடாது. மாறினால் அடுத்த வாரத்துக்குத் தொடர் இல்லை. மூடனாகக் காட்டப்பட்டவன் என்றும் மூடனே. வாயாடியாகக் காட்டப்பட்டவள் என்றும் வாயாடியே. ஒரு மனிதரை ஒரு குறையாகச் சுருக்கி, அச்சுருக்கத்தை வாரந்தோறும் உறுதிப்படுத்தும் வடிவம் இது. பின்னணியிலே பதிவுசெய்யப்பட்ட சிரிப்பொலியைச் சேர்க்கும் வழக்கமும் 1950ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே தோன்றியது. எங்கே சிரிக்கவேண்டும் என்பதுகூடப் பார்ப்போருக்குச் சொல்லித் தரப்படுகின்றது.

இனி, வழக்கிலுள்ள அளவுகோலை நோக்குவாம். பெரும்பாலோர் 'குடும்பத்துக்கு ஏற்றதன்று' எனக் கூறுவது பாலியல் சார்ந்த பேச்சையும் காட்சியையும் பற்றியே. முத்தக்காட்சி வந்தவுடன் பாட்டனார் செருமுகின்றார். தந்தையார் அலைவரிசையை மாற்றுகின்றார். பிள்ளைகள் நிலத்தை நோக்குகின்றனர். இக்கூச்சம் பொய்யன்று, எள்ளத்தக்கதுமன்று. தலைமுறைகள் ஒரே அறையில் வாழும் சமூகத்திலே சில விடயங்களை ஒருவர் முன்னிலையில் மற்றவர் பேசாதிருத்தல் மரியாதையின் ஒரு வடிவமாகும். எனினும் கூச்சம் வேறு, தீங்கு வேறு. கூச்சம் அவ்வேளையிலே தோன்றி அவ்வேளையிலேயே மறைவது; பெரும்பாலும் பெரியோருக்கு உரியது. தீங்கோ மெல்லென உட்புகுந்து தங்குவது. பெரும்பாலும் சிறியோரையும் எளியோரையும் சார்வது. கூச்சத்தை அளந்துவிட்டுத் தீங்கை அளந்ததாகக் கருதுவதே வழக்கிலுள்ள அளவுகோலின் பிழை.

மேற்கூறிய 'ஐ லவ் லூசி' இப்பிழைக்குத் தக்க சான்று. அதன் நாயகியாகிய லூசில் போல் 1952ஆம் ஆண்டில் உண்மையாகவே கருவுற்றிருந்தார்; கதையிலும் அவ்வாறே அமைக்கப்பட்டது. ஆயின் கருவுற்றிருத்தலை நேராகக் குறிக்கும் ஆங்கிலச் சொல் குடும்பங்களின் செவிக்கு ஒவ்வாதெனக் கருதப்பட்டமையால், அச்சொல்லைத் தவிர்த்து 'எதிர்பார்த்திருக்கிறார்' என்னும் பொருளிலேயே பேச வேண்டியதாயிற்று. கணவனும் மனைவியும் தனித்தனிக் கட்டில்களில் உறங்குவதாகவே காட்டப்பட்டனர். அதே தொடரின் சில அத்தியாயங்களில், பிழைசெய்த மனைவியைச் சிறுபிள்ளையைப் போல் மடியிற் கிடத்திக் கணவன் அடிப்பது நகைப்புக்குரிய காட்சியாக இடம்பெற்றது. அதை எவரும் குடும்பத்துக்கு ஒவ்வாததெனத் தடுத்திலர். உயிரொன்று உருவாதலைக் கூறும் சொல் நாணத்துக்குரியதாயிற்று. மனைவியை அடித்தல் வேடிக்கையாயிற்று. அவ்வறைகளில் இருந்த பிள்ளைகள் இவற்றுள் எதனாற் கெட்டிருப்பர்?

அமெரிக்காவை நோக்கி நகைத்துவிட்டு நாம் அமைய இயலாது. மனைவியைக் கணவன் அறைவதும், 'கை நீளாவிட்டால் பெண் அடங்காள்' என்னும் கருத்துப்படப் பேசுவதும் தமிழ்த் திரையிலே நெடுங்காலம் கைதட்டல் பெற்றன. கருநிறம், பருத்த உடல், வழுக்கைத் தலை, திக்குவாய், செவிப்புலன் குறைவு ஆகியன நகைச்சுவையின் நிலையான மூலதனங்களாக விளங்கின. இவை 'ஆபாசமற்ற தூய நகைச்சுவை' என்னும் பெயரால் வீட்டுக்குள் வந்தன. எமது தீவக வீட்டை மீண்டும் நோக்குக. நொண்டி நடப்பவன் திரையில் விழுகின்றான், சிரிப்பொலி எழுகின்றது. பேரப்பிள்ளைகள் சிரிக்கின்றனர். சிறிய தந்தையார் என்ன செய்வார்? அவரும் ஒருவேளை சிரிப்பார். சிரியாதிருப்பின் தம் குறையைத் தாமே சுட்டிக்காட்டியவர் ஆவாரன்றோ? சீதனம் கொண்டுவராத மருமகளை மாமியார் இடித்துரைக்கின்றார், மீண்டும் சிரிப்பொலி. அடுக்களை வாயிலில் நிற்கும் மருமகள் என்ன செய்வாள்? உலையைப் பார்க்க உள்ளே போவாள். இக்காட்சிகளில் ஆபாசம் எள்ளளவும் இல்லை. ஆயினும் இவை குடும்பத்துடன் பார்க்கத்தக்கனவா?

நகைப்பின் தோற்றுவாயைத் தமிழ்மரபு நெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்துள்ளது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின்வழித் தோன்றும் என்கின்றார். இளமையாவது குழந்தைத் தன்மை. பேதைமையும் மடனும் அறியாமையின் இருவேறு படிகள். இம்மூன்றினாலும் எழும் நகையில் அன்பும் விரவியிருக்கக்கூடும். தளர்நடையிடும் குழந்தை தடுமாறுவதைக் கண்டு தாய் நகைப்பதும், வழிதெரியாது திகைத்த தன் முதல் நகரப் பயணத்தைப் பாட்டியார் சொல்லித் தாமே நகைப்பதும் இத்தகையன. எள்ளலோ பிறிதொருவரைத் தாழ்த்துவதால் எழுவது. தொல்காப்பியர் அறநூல் இயற்றவில்லை. நான்கனுள் எது சிறந்தது என அவர் கூறவுமில்லை. எனினும் அவர்தம் பகுப்பு எமக்கொரு வாயிலைத் திறக்கின்றது. நகை எல்லாம் ஒன்றன்று. அது எதன்வழித் தோன்றிற்று என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

திருவள்ளுவர் இவ்வறநோக்கை மேலும் தெளிவிக்கின்றார். விளையாட்டாகச் செய்யினும் இகழ்ச்சி துன்பந்தரும் என்பது பண்புடைமை அதிகாரத்திலே அவர் கூறும் கருத்து. அதே அதிகாரத்திலேயே, பிறரோடு கலந்து மகிழ்ந்து நகைக்க மாட்டாதவருக்கு உலகம் பகற்போதிலும் இருளே என்றும் கூறுகின்றார். இவ்விரு கருத்துக்களும் ஒரே அதிகாரத்தில் அமைந்திருத்தல் கூர்ந்து நோக்கத்தக்கது. நகைப்பை அஞ்சி ஒதுக்குவோருக்கும் நகைப்பின் பெயரால் எதையும் ஏற்போருக்கும் ஒருங்கே விடையிறுப்பன இவை. கூடி நகைத்தல் பண்பின் பகுதி. இகழ்ந்து நகைத்தல் பண்பின் சிதைவு. கிரேக்க அறிஞராகிய அரிஸ்டோட்டில் நகைச்சுவைக்குரிய குறை நோவும் அழிவும் விளைக்காத குறையாதல் வேண்டும் எனக் கருதியதும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ஆயின் 'நோவு விளைக்காத குறை' யாது என்பதை முடிவுசெய்பவர் யார்? நகைப்பவரா, நகைக்கப்படுபவரா?

இவ்விடத்தே தீவக மக்களின் அனுபவம் பயனுடையதாகின்றது. குடாநாட்டார் சிலர் 'தீவார்' என்னும் சொல்லை இளக்காரக் குறிப்புடன் வழங்கியதையும், தீவகப் பேச்சின் ஓசையைப் பின்பற்றிக் காட்டி நகைத்ததையும் அவர்கள் அறிவர். வள்ளத்தில் வந்து குறிகட்டுவானில் இறங்கி, பேருந்து ஏறி, யாழ் நகரப் பாடசாலைக்குச் சென்ற பிள்ளை முதல்நாளிலேயே தன் பேச்சை ஒளிக்கக் கற்றுக்கொண்டது. அச்சிரிப்பிலே ஆபாசம் இருந்ததில்லை. தீய எண்ணமும் பலவேளைகளில் இருந்திராது. நெடுந்தீவைக் களமாகக் கொண்ட செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலையும், அதனைத் தழுவி 1978ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தையும் தீவகத்தார் உவந்து ஏற்றமைக்கு ஒரு காரணம், அவற்றிலே தம்மவர் வேடிக்கைப் பொருளாகாது முழு மனிதராகத் தோன்றியமை எனக் கொள்வதிற் பிழையில்லை. நகைக்கப்படுதலின் சுவையை இவ்வாறு அறிந்த மக்கள், தம் வீட்டினுள்ளே பிறரை நகைக்கையில் அதனை மறந்துவிடுதல் எங்ஙனம்? எம்மைச் சுடாத தீ ஒளியாகவே தோன்றும் என்பதன்றி இதற்கு வேறு விடையில்லை.

ஆகவே, குடும்ப நகைச்சுவையை அளப்பதற்கு ஓர் அளவுகோலை முன்வைக்கலாம்: அவ்வறையில் இருப்போருள் மிக எளியவர், தம்மை மறைத்துக்கொள்ளாமல், ஏனையோருடன் சேர்ந்து நகைக்க இயலுமா? இயலுமெனின் அந்நகைச்சுவை அக்குடும்பத்துக்கு ஏற்றது. ஒருவரது மனவடக்கத்தை விலையாகப் பெற்றே ஏனையோர் நகைக்கின்றனரெனின், அது எத்துணைத் தூயதாயினும் ஏற்றதன்று. குடும்பம் என்பது பலர் ஓரிடத்திருத்தல் மட்டுமன்று. வலியோர் மெலியோரைக் காக்கும் ஏற்பாடு. அவ்வேற்பாட்டைக் குலைப்பது குடும்பத்துக்கு ஏற்றதாதல் எவ்வாறு?

இவ்வளவுகோலுக்கு எதிராகக் கூறத்தக்கன உள. அவற்றை ஆராயாது விடுதல் நேர்மையன்று.

முதலாவது, இவ்வாறு அளப்பின் நகைச்சுவையே எஞ்சாது என்பது. ஒவ்வொரு நகைப்பும் யாரையேனும் தைக்குமன்றோ? இலங்கைத் தமிழ் வானொலியின் அனுபவமே இதற்கு விடை பகரும். 'கோமாளிகள் கும்மாளம்' என்னும் தொடர், பின்னர் 1976ஆம் ஆண்டில் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாகவும் வெளிவந்தது. அதிலே மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்னும் மாந்தர் தத்தம் சமூகத்தின் பேச்சோசையோடு தோன்றினர். ஒருவர் என்றும் அறிவாளியாகவும் மற்றவர் என்றும் மூடராகவும் இருந்திலர். அனைவரும் மாறிமாறி அகப்பட்டுக்கொண்டனர். முஸ்லிமும் தமிழரும் சிங்களவரும் தத்தமக்குரிய பங்கைக் கொடுத்து மற்றவரதைப் பெற்றனர். கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' என்னும் தனிநடிப்பில் பேருந்து நடத்துநரும் பயணிகளும் நகைப்புக்குள்ளாயினர். அதைக் கேட்டு நகைத்தவர்களோ மறுநாள் அதே பேருந்தில் ஏறுவோர். இவற்றிலே எள்ளல் இல்லையென்பதன்று, அது பகிரப்பட்டிருந்தது. அதிகாரத்திலுள்ளோரை எள்ளுவதும் இவ்வளவுகோலாற் தடைப்படாது. விதானையாரையும் வெளிநாட்டுப் பெருமை பேசுவோரையும் நகைத்தல், எளியவர் தலைநிமிர்ந்து நகைக்கக்கூடிய நகையேயாகும்.

இரண்டாவது எதிர்வாதம் இதனினும் வலியது. நகைக்கப்படுவோரே விரும்பி நகைப்பின் அதில் தீங்கு யாது? பிரித்தானியாவில் 1977ஆம் ஆண்டு முதல் 1979ஆம் ஆண்டு வரை ஒளிபரப்பாகிய 'மைன்ட் யுவர் லாங்குவேஜ்' என்னும் தொடர் இதற்கு எடுத்துக்காட்டு. இலண்டனில் ஆங்கிலம் கற்கவந்த பல நாட்டவரின் பிழைபட்ட பேச்சே அதன் நகைச்சுவை. சீக்கியரும் பாகிஸ்தானியரும் சீனரும் இத்தாலியரும் தத்தம் நாட்டைப் பற்றிய வாய்பாட்டுக்குள் அடக்கப்பட்டனர். மக்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்தும், அவ்வாய்பாடுகள் இழிவுபடுத்துவன என நிலையப் பொறுப்பாளர் கருதியமையால் அது நிறுத்தப்பட்டது. வியப்பு யாதெனின், இலங்கை, இந்தியா, பாகிஸ்தான் முதலிய நாடுகளுக்கு அது விற்கப்பட்டமையும், அங்கெல்லாம் அதனை விரும்பிப் பார்த்தோர் இருந்தமையுமாம். எள்ளப்பட்டோரின் உறவினரே விழுந்துவிழுந்து சிரித்தனர்.

இதனைக் கொண்டு தீங்கில்லையென முடிவுசெய்தல் கூடாது. வேலணையில் தன் வீட்டில் இருந்து அதனைப் பார்ப்பவர் பாதுகாப்பான இடத்தில் இருக்கின்றார். அவரது பேச்சை நகைப்போர் அவ்வூரில் எவருமிலர்; திரையிலுள்ளோர் அவருக்கு அந்நியரே. புங்குடுதீவிலிருந்து புலம்பெயர்ந்த ஒருவரின் பிள்ளை இலண்டன் வகுப்பறையில் இருக்கின்றது எனக் கொள்க. முந்திய இரவு திரையிலே கேட்ட ஓசையால் அப்பிள்ளையை மறுநாள் ஏனைய பிள்ளைகள் அழைப்பின், அதே நகைச்சுவை அங்கே வேறொன்றாகின்றது. காட்சி ஒன்று, அறைகள் இரண்டு, பொருள்களும் இரண்டு. எனவே ஏற்புடைமை என்பது தொடரின் தனிக் குணமன்று. தொடருக்கும் அறைக்கும் இடையேயான உறவு. இதனால் எல்லாம் அவரவர் விருப்பம் என்றாகிவிடாது. விடை அறைக்கு அறை வேறுபடினும் வினா எல்லா அறைகளிலும் ஒன்றே: இச்சிரிப்புக்கு இங்கே விலைகொடுப்பவர் யார்?

மூன்றாவது, எள்ளலைக் கண்டிக்கும் பொருட்டே எள்ளலைக் காட்டும் நகைச்சுவை என்ன ஆவது என்பது. 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆரம்பமான 'ஆல் இன் த ஃபமிலி' என்னும் தொடரின் தலைவனாகிய ஆர்ச்சி பங்கர் இனவெறுப்பும் பிடிவாதமும் கொண்டவன். அவனது அறியாமையைக் காட்டி வெறுப்பை வெறுக்கச் செய்தலே ஆக்கியோரின் நோக்கம். ஆயின் விட்மர், ரொக்கீச் என்னும் உளவியல் ஆய்வாளர் இருவர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, முற்சாய்வு மிக்க பார்வையாளர் அவனை நகைப்புக்குரியவனாகக் காணாது, தம் பக்கத்தவனாகவே காண முற்பட்டனர் எனக் காட்டிற்று. ஒரே வேளையில் எழுந்த ஒரே சிரிப்பு இருவேறு சிரிப்பாயிருந்தது. இத்தகைய தொடரை ஒதுக்கிவிடுதல் தகாது. பெரியோர் பேசாதிருந்து பார்த்தலும் தகாது. 'இவன் சொல்வது பிழை. அதனாலேதான் சிரிக்கிறோம்' என ஒரு சொல் கூறுவார் அறையில் ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.

இத்தொடரே மற்றுமொரு பாடத்தையும் தருகின்றது. 1975ஆம் ஆண்டில் அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனங்கள், அரச ஆணைக்குழுவின் தூண்டுதலால், மாலையின் முற்பகுதியைக் 'குடும்ப வேளை'யென வகுத்தன. அதன் விளைவாக, தன் பெயரிலேயே குடும்பத்தைத் தாங்கிய இத்தொடர் எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிக்குத் தள்ளப்பட்டது. மறு ஆண்டிலேயே நீதிமன்றம் ஒன்று, அவ்வேற்பாட்டின் பின்னிருந்த அரச வற்புறுத்தல் கருத்துச் சுதந்திரத்துக்கு முரணானது எனத் தீர்த்தது. நேரத்தை வகுத்தல் முற்றும் பயனற்றதன்று. பிரித்தானியாவில் இரவு ஒன்பது மணி எல்லை இன்றும் உண்டு. இந்தியத் திரைப்படத் தணிக்கையிலும் பெற்றோர் வழிகாட்டலை வேண்டும் பிரிவு 1983ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டு, 2023ஆம் ஆண்டின் திருத்தத்தால் ஏழு, பதின்மூன்று, பதினாறு என்னும் வயதெல்லைகளாக விரிக்கப்பட்டது. எனினும் சபைகளும் சட்டங்களும் சொற்களையும் காட்சிகளையும் வயதையுமே எண்ணவல்லன. ஓர் அறையில் இருப்போரின் வரலாற்றை அவை அறியா. சிறிய தந்தையாரின் காலையும் மருமகளின் சீதனத்தையும் அறிந்தோர் அவ்வீட்டாரே.

ஆயின் வீட்டாருள் தீர்ப்பு வழங்குபவர் யார்? பெரும்பாலும் தொலையியக்கி யார் கையில் உள்ளதோ அவரே. அது பெரும்பாலும் வீட்டின் மூத்த ஆண்மகனின் கை. தமக்குக் கூச்சம் தருவதை அவர் மாற்றுகின்றார். தமக்கு நோவு தராததை விட்டுவைக்கின்றார். அவர் தீயவரல்லர், தம் இருக்கையிலிருந்து தெரிவதையே காண்கின்றார். 'குடும்பத்துக்கு ஏற்றது' என்னும் தீர்ப்பு இங்ஙனம் குடும்பத்தில் வலியவருக்கு ஏற்றது என்பதாகக் குறுகிவிடுகின்றது. இக்குறுக்கத்தை நீக்குதற்குச் சட்டம் வேண்டியதில்லை. அறையிலே எவர் சிரிக்கவில்லை எனத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் போதும். பிள்ளைகள் திரையைப் பார்ப்பதோடு பெரியோரின் முகங்களையும் பார்க்கின்றனர். எதற்குத் தந்தையார் சிரித்தார், எதற்குச் சிரிக்காதிருந்தார் என்பதிலிருந்தே எவரை எள்ளலாம், எவரை எள்ளலாகாது என்பதை அவர்கள் கற்கின்றனர். முத்தக்காட்சியை மாற்றும் கை அறைவிழும் காட்சியை மாற்றாதிருப்பின், அதுவும் ஒரு பாடமே.

தொகுத்து நோக்குமிடத்து, நகைச்சுவைத் தொடரொன்று குடும்பத்துக்கு ஏற்றதா என்னும் வினா, உண்மையில் அக்குடும்பம் எத்தகையது என்னும் வினாவாகவே திரும்பிவருகின்றது. ஆபாசத்தை விலக்குதல் எளிது. அதற்குக் கண் போதும். இகழ்ச்சியை அறிதற்கோ அயலிலிருப்பவரின் உள்ளத்தை அறிதல் வேண்டும். கடல்சூழ்ந்த தீவொன்றில், மாலையில் ஒரு விளக்கின்கீழ்க் கூடும் மக்களுக்குக் கூடி நகைத்தல் பெரும் பேறு. போரும் பிரிவும் பலவற்றைப் பறித்தபின் எஞ்சிய பேறுகளுள் அதுவும் ஒன்று. அப்பேற்றினின்று எவரும் விலக்கப்படாதிருத்தல் வேண்டும். அடுக்களைக்குப் போன மருமகள் மீண்டும் வந்து பாயிலமர்ந்து நகைக்கும் நகைச்சுவை எதுவோ, அதுவே குடும்பத்துடன் இருந்து பார்க்கத்தக்கது.